முட்டை ட்ரே முதல் அச்சு வெல்லம் வரை: பொருளுக்கு முன்னாடியே பிறக்கும் 'மோல்டு'... யார் செய்றாங்க? என்ன படிக்கணும்?

நாமக்கல்லில் இருந்து கிளம்பும் முட்டை லாரியை நீங்க பார்த்திருப்பீங்க. ஒரு ட்ரேயில் 30 முட்டை. ட்ரே மேல ட்ரே அடுக்கி, கயிறு கட்டி, கேரளா வரைக்கும் போகும். ஸ்பீடு பிரேக்கர், மேடு பள்ளம்னு எவ்வளவு குலுங்கினாலும் பெரும்பாலான முட்டைகள் உடையாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

அதற்குக் காரணம் அந்த ட்ரேயின் வடிவம். முட்டை உட்காரும் குழி எவ்வளவு ஆழம், பக்கச் சுவர் எவ்வளவு சாய்வு, இரண்டு குழிகளுக்கு நடுவில் உள்ள முனை எவ்வளவு உயரம் என எல்லாமே கணக்குப் போட்டு வைத்தது. அந்தக் கணக்கு ட்ரேயில் போடப்படுவதில்லை. ட்ரேயை வார்க்கும் அச்சில், அதாவது மோல்டில் போடப்படுகிறது.

ஒரு ட்ரேயில் தப்பு இருந்தால் ஒரு ட்ரே வீண். மோல்டில் தப்பு இருந்தால் அதிலிருந்து வரும் லட்சம் ட்ரேயும் வீண். இந்தத் தொழிலுக்கு மதிப்பு வருவது இங்கேதான். மோல்டு என்றால் என்ன, அதை எப்படிச் செய்கிறார்கள், பத்தாவது முடித்தவர்கள் இதற்கு என்ன படிக்கலாம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மோல்டு, டை: இரண்டும் ஒன்றா?

பட்டறைகளில் இரண்டு வார்த்தையையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஆனால் பொதுவான வித்தியாசம் இதுதான்.

• மோல்டு: உருகிய அல்லது கூழான பொருளை உள்ளே விட்டு, கெட்டியானதும் எடுப்பது. பிளாஸ்டிக் வாளி, பாட்டில் மூடி, அச்சு வெல்லம் எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

• டை: பெரும்பாலும் தகட்டை வெட்டவும், வளைக்கவும், அழுத்தவும் பயன்படுவது. தட்டு, டம்ளர், வாஷர் போன்றவை இந்த வகை.

விதிவிலக்கும் உண்டு. உருகிய அலுமினியத்தை அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கும் 'டை காஸ்டிங்' முறையில், மோல்டு செய்யும் வேலையைச் செய்வதற்கே டை என்று பெயர். இந்த இரண்டையும் செய்பவரைத்தான் 'டூல் அண்ட் டை மேக்கர்' என்கிறார்கள். அவர் வேலை பார்க்கும் இடம் டூல் ரூம்.

நம்ம ஊரில் ஏற்கெனவே இருக்கும் அச்சுகள்

மோல்டு என்றதும் பெரிய தொழிற்சாலைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இது பழகிய விஷயம்.

பரமத்தி வேலூர் பகுதிக்கு வாங்க. காவிரிக் கரை கரும்பு, வெல்ல ஆலைகளில் பாகாகக் காய்ந்து பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்கு வருகிறது. கையால் உருட்டியது உருண்டை வெல்லம். குழிகள் வெட்டிய மர அச்சில் ஊற்றி எடுத்தது அச்சு வெல்லம்.

ஒரு அச்சு வெல்லத்தைக் கையில் எடுத்துப் பாருங்க. ஒரு பக்கம் அகலம், எதிர்ப் பக்கம் கொஞ்சம் குறுகல். அழகுக்காகச் செய்த வேலை இல்லை அது. குழியின் சுவர் நேர்க்குத்தாக இருந்தால், ஆறிய வெல்லம் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வராது. சுவர் சாய்வாக இருந்தால் கவிழ்த்துத் தட்டியதும் கழன்று விழும். இந்தச் சாய்வுக்கு இன்ஜினியர்கள் வைத்த பெயர் 'டிராஃப்ட்'. பிளாஸ்டிக் மோல்டுகளில் இது பெரும்பாலும் 1 முதல் 2 டிகிரி வரை இருக்கும்.

இட்லித் தட்டும் மோல்டுதான். எண்ணெய் தடவுவது ஒட்டாமல் எடுக்க. ஓட்டை இருப்பது ஆவி போய்வர. காற்று வெளியேற வழி வைப்பது, ஒட்டாமல் கழற்றுவது ஆகிய இரண்டும் பிளாஸ்டிக் மோல்டு செய்பவருக்கும் தினசரிப் பிரச்னை.

சேலம் பக்கம் போனால் சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டை பகுதிகளில் வெள்ளிக் கொலுசு. கொலுசில் வரும் சின்னச் சின்னப் பூ, இலை வடிவங்களை வெள்ளித் தகட்டில் ஒரே அளவில் எடுக்க டை தேவை. 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையில், துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து நாணயத்துக்கான வட்ட வில்லைகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த வேலைக்கும் டைதான். எந்த முத்திரையும் இல்லாத அந்த வில்லையில் எண்ணும் படமும் விழுவது நாணயச் சாலையில், இன்னொரு டையால்.

முட்டை ட்ரே எப்படி உருவாகிறது?

முட்டை ட்ரேயில் இரண்டு வகை. காகிதக் கூழ் ட்ரே, பிளாஸ்டிக் ட்ரே. இரண்டுக்கும் மோல்டு வேறு, வேலை செய்யும் விதமும் வேறு.

முதலில் காகித ட்ரே:

1. கழிவுக் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து அரைத்துக் கூழாக்குவார்கள். இந்தக் கூழில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

2. ட்ரே வடிவத்தில் உள்ள மோல்டு கூழுக்குள் இறங்கும். அதன் மேல் மெல்லிய கம்பி வலை போர்த்தியிருக்கும். பின்பக்கம் முழுக்கத் துளைகள்.

3. பின்பக்கமிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தண்ணீர் வலை வழியாகப் போய்விடும். காகித நார் மட்டும் வலை மேல் படியும்.

4. ஜோடியாக வரும் இன்னொரு மோல்டு ஈர ட்ரேயை உறிஞ்சி எடுத்து, காற்றை ஊதிக் கீழே இறக்கிவிடும். பிறகு வெயிலிலோ உலர்த்தும் அறையிலோ காய வைப்பார்கள்.

வீட்டில் காகித ட்ரே இருந்தால் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்க. ஒரு பக்கம் வலைத் தடம் தெரியும், மறுபக்கம் சொரசொரன்னு இருக்கும். தடம் தெரியும் பக்கம்தான் மோல்டில் உட்கார்ந்திருந்த பக்கம்.

முட்டைக்குத் தனி உறை என்ற யோசனைக்கே ஒரு சண்டைதான் காரணம். கனடாவில் ஒரு விவசாயிக்கும் ஹோட்டல்காரருக்கும் உடைந்த முட்டைகளால் தகராறு. அதைக் கேட்ட ஜோசப் காயில் என்ற பத்திரிகை உரிமையாளர், முட்டைகள் ஒன்றோடொன்று மோதாதபடி காகிதத்தில் ஒரு பெட்டியை வடிவமைத்தார். ஆண்டு 1911.

அடுத்து பிளாஸ்டிக் ட்ரே. இதைக் கழுவலாம், கிருமிநாசினி தெளித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பறவை நோய் பரவும் காலத்தில் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இது முக்கியம். ஆனால் இதன் மோல்டு ரொம்பச் சிக்கலானது.

பிளாஸ்டிக் மோல்டுக்குள்ளே என்ன இருக்கு?

பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்தத்தோடு உள்ளே செலுத்துவதற்கு 'இன்ஜெக்ஷன் மோல்டிங்' என்று பெயர். 1872-ல் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயாட் இதற்கான முதல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதேதான். மோல்டு இரண்டு பாதியாக இருக்கும். இரண்டும் மூடும்போது நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் பொருளின் வடிவம்.

• கேவிட்டி: பொருளின் வெளிப்பக்கத்தை உருவாக்கும் குழிப் பாகம்.
• கோர்: உட்பக்கத்தை உருவாக்கும் மேடான பாகம்.
• ரன்னர், கேட்: உருகிய பிளாஸ்டிக் ஓடி வரும் வாய்க்காலும், அது உள்ளே நுழையும் வாசலும்.
• கூலிங் லைன்: எஃகுக்குள்ளே துளையிட்டுத் தண்ணீர் ஓடவிடும் பாதை.
• எஜெக்டர் பின்: பொருள் ஆறியதும் பின்னாலிருந்து தள்ளிவிடும் கம்பிகள்.
• கைடு பில்லர்: இரண்டு பாதியும் நேராகப் பொருந்த வைக்கும் தூண்கள்.
• வென்ட்: காற்று மட்டும் வெளியேறும் மெல்லிய வழி. ஆழம் ஒரு மில்லி மீட்டரில் நூறில் சில பங்குதான். அதைவிட ஆழமானால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வழியும்.

இதையும் வீட்டிலேயே பார்க்கலாம். பிளாஸ்டிக் வாளியின் அடியில் நடுவில் சின்னப் பொட்டு மாதிரி ஒரு தடம் இருந்தால், அது கேட் இருந்த இடம். டப்பாக்களில் வட்ட வட்டமாகத் தெரியும் தடம் எஜெக்டர் பின் தள்ளிய இடம். ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு இரண்டு பாதியும் சேர்ந்த இடம்.

மூடிய மோல்டு உள் அழுத்தத்தில் திறந்துவிடக் கூடாது. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம் உள்ள பொருளுக்குச் சில நூறு டன் விசையோடு மெஷின் அதைப் பிடித்திருக்க வேண்டியிருக்கும். 10 சக்கர லாரி ஒன்று லோடோடு சுமார் 28 டன். அப்படி பத்து லாரியை மோல்டு மேல ஏற்றி வைத்தால் எவ்வளவு எடையோ, அந்த அளவு.

ட்ரே 300 மி.மீ. என்றால், மோல்டு ஏன் 304 மி.மீ.?

இந்தத் தொழிலின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். எவ்வளவு என்பது ரகத்தைப் பொறுத்தது. முட்டை ட்ரே, வாளிகளுக்குப் பயன்படும் பாலிபுரொப்பிலீன் சுமார் 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். ஹெல்மெட், சுவிட்ச் போர்டு வகைகளில் வரும் ஏ.பி.எஸ். 1 சதவீதத்துக்கும் குறைவாகவே சுருங்கும்.

1.5 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், 300 மி.மீ. ட்ரே வேண்டுமானால் குழியைச் சுமார் 304.5 மி.மீ. வெட்ட வேண்டும். தடிப்பான இடம் அதிகம் சுருங்கும், மெல்லிய இடம் குறைவாகச் சுருங்கும். பிளாஸ்டிக் ஓடிய திசையில் ஒரு அளவு, குறுக்கே இன்னொரு அளவு. தப்பாகக் கணக்குப் போட்டால் ட்ரே வளைந்து வரும். அடுக்கினால் ஆடும். ஆடினால் முட்டை உடையும்.

ஏ.பி.எஸ்.க்காகச் செய்த மோல்டில் பாலிபுரொப்பிலீனைப் போட்டு ஓட்டினால், அதே அச்சில் அளவு மாறிய பொருள் வரும். "மோல்டு இருக்கே, மெட்டீரியலை மட்டும் மாத்திக்கலாம்"னு நினைப்பவர்கள் அடி வாங்குவது இதில்தான்.

மோல்டு செய்வது எப்படி?

முதல் படி: வரைபடம். பொருளைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து, சுருக்கம், சாய்வு, கேட் இடம், தண்ணீர்ப் பாதை எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். பிளாஸ்டிக் எப்படி ஓடி நிரம்பும் என்பதை சாஃப்ட்வேரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

இரண்டாவது: எஃகு. பிளாஸ்டிக் மோல்டுக்கு 'பி20' போன்ற ரகங்கள். சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகும் அலுமினியத்தை வார்க்க, சூட்டைத் தாங்கும் 'எச்13' போன்றவை. கூட்டுத் தொகைக்குத் தகுந்த எஃகு இல்லாமல் மலிவான எஃகைப் போட்டால் மோல்டின் ஓரம் சீக்கிரம் தேயும்.

மூன்றாவது: வெட்டுவது. வி.எம்.சி. எனப்படும் கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின் குழியைக் குடைந்து எடுக்கும். கட்டர் சுழல்வதால் உள்மூலையைக் கூர்மையாக எடுக்க முடியாது. அங்கேதான் 'ஸ்பார்க் மெஷின்' என்று பட்டறையில் சொல்லும் ஈ.டி.எம். வருகிறது. செம்பு அல்லது கிராஃபைட்டில் வடிவம் செய்து, எண்ணெய்க்குள் எஃகுக்கு மிக அருகில் கொண்டுபோய் மின்பொறி விடுவார்கள். ஒவ்வொரு பொறியும் துளித் துளியாக எஃகை அரித்து எடுக்கும். 1943-ல் சோவியத் விஞ்ஞானிகளான லாசரெங்கோ தம்பதி உருவாக்கிய முறை இது. இதிலேயே ஒயர்கட் என்று ஒரு வகை உண்டு. பெரும்பாலும் கால் மில்லி மீட்டர் தடிப்புள்ள பித்தளைக் கம்பியால் எஃகை நூல் பிடித்த மாதிரி அறுக்கும்.

நான்காவது: பாலிஷும் ஃபிட்டிங்கும். மெஷின் விட்ட கோடுகளை எண்ணெய்க் கல், எமரி, வைரப் பேஸ்ட் வைத்துக் கையால் தேய்க்க வேண்டும். பளபளப்பான பொருள் வேண்டுமானால் மோல்டு கண்ணாடி மாதிரி இருக்கணும். பிறகு ஒரு பாதியில் நீலச் சாயம் தடவி மறு பாதியை மூடிப் பார்ப்பார்கள். சாயம் எங்கே ஒட்டவில்லையோ, அங்கே இடைவெளி இருக்கிறது. கம்ப்யூட்டர் எவ்வளவு வந்தாலும் இந்த வேலைக்கு அனுபவக் கைதான் வேண்டும்.

ஐந்தாவது: ட்ரையல். மெஷினில் ஏற்றி முதல் பொருளை எடுத்து அளந்து, திருத்தி, மறுபடி ஏற்றி... முதல் ட்ரையலிலேயே சரியாக வருவது அரிது.

பொருளைப் பார்த்தே மோல்டின் நோயைச் சொல்லலாம்

• ஓரத்தில் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் 'ஃப்ளாஷ்'. மோல்டு சரியாக மூடவில்லை, ஓரம் தேய்ந்துவிட்டது அல்லது மெஷினின் பிடி போதவில்லை.

• பொருள் முழுசாக நிரம்பாமல் குறையாக வந்தால் 'ஷார்ட்'. சூடு, அழுத்தம் குறைவு. அல்லது காற்று வெளியேற வழியில்லை.

• மேற்பரப்பில் குழி விழுந்திருந்தால் 'சிங்க் மார்க்'. அந்த இடம் ரொம்பத் தடிப்பு, மெதுவாக ஆறியிருக்கிறது.

• கருகிய புள்ளி இருந்தால் உள்ளே சிக்கிய காற்று அழுத்தத்தில் சூடாகிப் பிளாஸ்டிக்கை எரித்திருக்கிறது.

ஏன் இவ்வளவு விலை?

"கையளவு மூடிக்கு இத்தனை லட்சமா?" என்பது புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் எல்லாருமே கேட்கும் கேள்வி. கணக்கைத் திருப்பிப் போட்டால் புரியும்.

ஒரு உதாரணம். மோல்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5,000 பொருள் மட்டும் எடுத்தால் ஒரு பொருள் மேல மோல்டு செலவு 100 ரூபாய். 5 லட்சம் பொருள் எடுத்தால் 1 ரூபாய்தான். அதனால் மோல்டு விலையைக் கேட்பதற்கு முன் 'எத்தனை பொருள் எடுக்கப் போகிறோம்?' என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் அமைப்பின் வகைப்பாடு இதை அடிப்படையாக வைத்ததுதான். 101-ம் வகை மோல்டு 10 லட்சம் முறைக்கு மேல் ஓடணும். 103-ம் வகை 5 லட்சத்துக்குள். 105-ம் வகை மாதிரி பார்க்க மட்டும், 500 முறைக்கு மேல் இல்லை.

தண்ணீர்ப் பாதையிலும் பணம் இருக்கிறது. ஒரு பொருளுக்கு 30 விநாடி ஆனால் மணிக்கு 120 பொருள். கூலிங்கை நன்றாக வடிவமைத்து 25 விநாடியாகக் குறைத்தால் 144 பொருள். அதே மெஷின், அதே ஆள், 20 சதவீதம் கூடுதல் உற்பத்தி.

மோல்டு யாருக்குச் சொந்தம்?

சொந்தமாக மெஷின் இல்லாதவர்கள் மோல்டை மட்டும் செய்து, வேறொரு கம்பெனியில் ஜாப் ஒர்க்காக ஓட்டுவது வழக்கம். வாய்ப்பேச்சில் முடித்தால் பிறகு தகராறுதான். ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டியவை:

• மோல்டின் உரிமை யாருக்கு, கேட்டால் எத்தனை நாளில் திருப்பித் தரணும்.
• கம்ப்யூட்டர் வரைபடம் யாருக்குச் சொந்தம். வரைபடம் கையில் இல்லாவிட்டால் பழுது பார்க்கவே பழைய ஆளிடம்தான் போகணும்.
• எந்த ரக எஃகு, எத்தனை குழி, எத்தனை முறை ஓடும் உத்தரவாதம்.
• எத்தனை ட்ரையல் விலைக்குள் அடங்கும், திருத்தச் செலவு யாருடையது.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-வது பிரிவும் தெரிந்திருக்கணும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் மூலப்பொருள் 1 ஆண்டுக்குள்ளும், இயந்திரம் 3 ஆண்டுக்குள்ளும் திரும்பி வர வேண்டும். மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸர், டூல் ஆகியவற்றுக்கு இந்தக் காலக்கெடு இல்லை. ஆனால் சலான் போட்டு அனுப்புவது அவசியம். மோல்டு உங்களுடையது என்பதற்கு அந்தச் சலானும் ஒரு சாட்சி.

புதிய வடிவத்தை நீங்களே உருவாக்கியிருந்தால், 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். பாதுகாப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் பொருளைச் சந்தைக்கு விடுவதற்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும்.

என்ன படிக்கலாம்?

ஐ.டி.ஐ.: 'டூல் அண்ட் டை மேக்கர்' 2 ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேர்ச்சி தேவை. இதில் இரண்டு பிரிவு உண்டு. ஒன்று டை மற்றும் மோல்டு, இன்னொன்று பிரஸ் டூல், ஜிக், ஃபிக்ஸர். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது. விண்ணப்பிக்கும் முன் பாடப்பிரிவுப் பட்டியலைப் பாருங்க. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் படித்துவிட்டு டூல் ரூமில் சேர்ந்து கற்றுக்கொள்பவர்களும் உண்டு.

சிபெட்: மத்திய அரசின் இந்த நிறுவனம் 1968-ல் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்டது. பத்தாவது முடித்தவர்களுக்கு 3 ஆண்டு பிளாஸ்டிக் மோல்டு டெக்னாலஜி டிப்ளமோ உண்டு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒன்றரை ஆண்டு மோல்டு டிசைன் படிப்பு. நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கை.

டிப்ளமோ: ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வாய்ப்பு உண்டு.

அப்ரண்டிஸ்: படிப்பு முடித்ததும் கம்பெனியில் உதவித்தொகையோடு பயிற்சி. டூல் ரூம்கள் அதிகம் உள்ள கோவை, ஓசூர், சென்னைப் பகுதிகளைக் குறிவைக்கலாம்.

சேரும் முன் ஒன்றை யோசிச்சுக்கோங்க. நின்றுகொண்டே பார்க்கும் வேலை. மைக்ரோமீட்டரில் அளக்கும் பொறுமை வேணும். முக்கோணவியல் கணக்கு வரணும். பாதுகாப்பும் முக்கியம். டை பொருத்திய பிரஸ் மெஷினில் ஒரு நொடி கவனம் தவறினால் விரல் போகும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்தான் ஓடும் அமைப்பும், கண்காணிக்கும் சென்சாரும் மெஷினில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்க. வேகத்துக்காக அதைக் கழற்றிவைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்க.

3டி பிரிண்டர் வந்தா இந்த வேலை போயிடுமா?

பத்துப் பொருள், நூறு பொருள் எடுக்க 3டி பிரிண்டர் நல்லது. லட்சக்கணக்கில் எடுக்க மோல்டுக்கு இன்னும் மாற்று இல்லை. சில விநாடிகளில் ஒரு பொருள் என்ற வேகத்தில் பிரிண்டர் ஓட முடியாது.

உண்மையில் பிரிண்டர் மோல்டுக்கு உதவிக்கு வந்திருக்கிறது. துளையிடும் மெஷின் நேர்கோட்டில்தான் போகும். உலோக 3டி பிரிண்டிங்கில், பொருளின் வளைவை ஒட்டியே வளைந்து போகும் தண்ணீர்ப் பாதையை உருவாக்கலாம். அது ஆறும் நேரத்தைக் குறைக்கும். கோடு கிழித்து ராவிய வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. எங்கே கேட் வைப்பது, எவ்வளவு சுருங்கும், ட்ரையலில் வந்த பொருள் என்ன சொல்கிறது என்று முடிவெடுக்கும் வேலை மனிதரிடமே இருக்கிறது.

அடுத்த முறை கடையில் முட்டை வாங்கும்போது காலி ட்ரே ஒன்றைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்க. 30 குழியும் ஒரே அளவில் இருக்கும். உங்க வீட்டில் பத்தாவது முடித்த பிள்ளை இருந்தால் அதன் கையிலும் கொடுத்துப் பாருங்க. "இதை எப்படிச் செஞ்சிருப்பாங்க?"னு கேள்வி வந்தால், மேலே சொன்ன ஐ.டி.ஐ., சிபெட் விவரங்களைத் தேடத் தொடங்கலாம்.